அஞ்சு போன், ஒரு ஜாம் ரூம்: ரசிகர்களே எடுக்கற மல்டிகேம் ராக் வீடியோ பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

போன மாசம் நம்ம பசங்க பேண்டோட ரிகர்சல ஜாம் ரூம்ல (பேண்டுங்க ஒத்திகை பாக்கற ரூம்) அஞ்சு போன்ல எடுத்து, வெட்டி ஒட்டி ஒரே வீடியோவா ஆக்கி சுத்தி இருக்கறவங்களுக்கு காட்டுனேன். அன்னிலேர்ந்து "எப்படிண்ணே பண்ணீங்க, எத்தன கேமரா, எந்த சாஃப்ட்வேர்"னு ஒரே நச்சரிப்பு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்ட காஞ்சு போச்சு, அதான் மொத்தமா எழுதிடறேன். வெளிநாட்டு ராக் ரசிகர்கள் இத எப்படி பண்ணாங்கங்கறதும் நடுநடுவுல வரும், நான் கத்துக்கிட்டது பூரா அவங்க கிட்டேர்ந்துதான்.

மல்டிகேம்னா என்ன, பல கேமரா அவ்ளோதானா?

கிட்டத்தட்ட அவ்ளோதான். கல்யாண வீடியோல மணவறைக்கு ஒரு கேமரா, வாசல்ல ஒரு கேமரா வெப்பாங்கல்ல, அதே மாதிரி. ஆனா அங்க எல்லா கேமராவும் ஒரே ஆளோடது, யார் எங்க நிக்கணும்னு சொல்ல ஒருத்தர் இருப்பாரு. ரசிகர்கள் எடுக்கறதுல அப்படி யாரும் கெடையாது. ஒவ்வொருத்தன் கையில ஒவ்வொரு மாடல் போன், ஒவ்வொருத்தன் ஒவ்வொரு நேரத்துல ஆன் பண்றான், முக்கியமான கிட்டார் சோலோ வரும்போது மூணு பேர் குதிச்சுட்டு இருப்பாங்க, ஒருத்தன் கேமராவ தன் மூஞ்சி பக்கம் திருப்பியிருப்பான். இத்தனையும் ஒரே நேரக்கோட்டுல கொண்டு வந்து உக்கார வெக்கறதுதான் வேலை.

நீங்க எத பாத்து இதுல எறங்குனீங்க?

ரேடியோஹெட்ங்கற இங்கிலாந்து ராக் பேண்ட். 2009 ஆகஸ்ட் 23, செக் நாட்டு தலைநகர் பிராக்ல ஹோலெஷோவிட்சே பொருட்காட்சி மைதானத்துல அவங்க கச்சேரி. ரசிகர்கள் ஒரு அம்பது பேர் முன்னாடியே பேசி வெச்சுகிட்டு, சின்ன ஃப்ளிப் கேமராக்களோட கூட்டத்துல அங்கங்க போய் நின்னுட்டாங்க. ஃப்ளிப் ஞாபகம் இருக்கா? சோப்பு டப்பா சைஸ், பின்னாடி ஒரு பெரிய சிவப்பு பட்டன், சைடுல தட்டுனா யுஎஸ்பி வெளிய எட்டிப் பாக்கும். அதே 2009லதான் சிஸ்கோ அந்த கம்பெனிய வாங்குச்சு, 2011ல இழுத்து மூடிருச்சு, போன்லயே நல்ல கேமரா வந்துட்டா அப்புறம் அத யார் வாங்குவா.

இந்த கதையில எனக்கு புடிச்ச எடம் கேமரா எண்ணிக்கை இல்ல. வீடியோவ தொகுத்துட்டு இருக்கறது தெரிஞ்சு, பேண்டே தன்னோட ஒரிஜினல் சவுண்டு பதிவ தூக்கி குடுத்துச்சு. மேடைல மைக் வழியா மிக்சருக்கு போன சுத்தமான ஆடியோ! 2010ல வீடியோ வெளிய வந்தப்ப முழு கச்சேரியும் இலவசம், காசுக்கு விக்கக்கூடாதுங்கற ஒரே கண்டிஷன். படம் சில எடத்துல ஆடும், முன்னாடி நிக்கறவன் தலை மறைக்கும், ஆனாலும் உக்காந்து முழுசா பாக்க முடியுது, ஏன்னா காதுக்கு ஒரு குறையும் இல்ல. படம் எப்படி வேணா இருக்கட்டும், சவுண்டு ஒடையாம ஒரே நூலா ஓடணும். நான் இங்க சொல்லப் போற மத்த எல்லாமே இந்த ஒரு விஷயத்துலேர்ந்து வர்றதுதான்.

பேண்டே கேமராவ கையில குடுத்த கதை ஒண்ணு இருக்காமே?

பீஸ்டி பாய்ஸ்ங்கற அமெரிக்க பேண்ட். 2004 அக்டோபர் 9, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். கூட்டத்துல 50 பேருக்கு கேமரா குடுத்து, நாங்க மேடை ஏறுனதும் ஆன் பண்ணு, முடியற வரைக்கும் நிறுத்தாதன்னு மட்டும் சொன்னாங்க. ஒருத்தன் பாத்ரூம் போனதும் படத்துல இருக்கும், அந்த அளவுக்கு நிறுத்தல! 2006ல தியேட்டர் படமாவே வந்துச்சு.

நைன் இஞ்ச் நெய்ல்ஸ்ங்கற இன்னொரு அமெரிக்க ராக் பேண்ட் இதையே தலைகீழா பண்ணாங்க. 2009 ஜனவரில அவங்க டூர்ல மூணு ஊர்ல எடுத்த எச்டி ஃபுட்டேஜ், 400 ஜிபிக்கு மேல, வெட்டாம கொள்ளாம அப்படியே டோரன்ட்ல போட்டு வேணுங்கறவன் எடுத்துக்கோன்னு விட்டுட்டாங்க. ரசிகர்கள் கூட்டா சேந்து எடிட் பண்ணி, அந்த வருஷ கடைசியிலயே டிவிடி, ப்ளூரே தரத்துல இலவசமா வெளியிட்டாங்க. எடுத்தது ப்ரொஃபஷனல் கேமரா, எடிட் ரசிகர்களோடது. பொறுமையில என்னால அவங்க பக்கத்துல கூட நிக்க முடியாது.

கச்சேரி வேற ரிகர்சல் வேறயா? ரெண்டும் பாட்டுதானே?

ரொம்ப வேற. கச்சேரின்னா பாட்டு ஆரம்பிச்சா முடியும். ரிகர்சல்ல பாதி பாட்டுல டிரம்மர் குச்சிய கீழ போடுவான், ரெண்டு பேர் சண்ட போடுவாங்க, ஒருத்தன் டீ கேப்பான், அதே பாட்ட திரும்ப முதல்லேர்ந்து. கூட்டம் கத்தறது கெடையாது, கலர் லைட்டு கெடையாது, ட்யூப் லைட்டுக்கு கீழ நாலு பேர் வேர்த்து ஒழுகிட்டு நிப்பாங்க. இதெல்லாம் குறைதான்னாலும் எனக்கு ரிகர்சல்தான் பாக்கப் புடிக்கும், பாட்டு உருவாகறது கண்ணுக்கு தெரியுது பாருங்க.

இதுக்கு பெரிய உதாரணம் பீட்டில்ஸ், 1969 ஜனவரி. ரசிகர்கள் எடுத்தது இல்ல, படக்குழு எடுத்தது, ஆனா அவங்களுக்கு வந்த தலைவலியும் நம்மளுதும் ஒண்ணுதான். கிட்டத்தட்ட 60 மணி நேர ஃபிலிம், 150 மணி நேர ஆடியோ. ஃபிலிம் ரோல் சீக்கிரம் தீந்துடும், நாக்ரா டேப் ரெக்கார்டர் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், அதனால சவுண்டு இருக்கும் படம் இருக்காது. சினிமா டைரக்டர் பீட்டர் ஜாக்சன் 2021ல அத தொகுத்தப்ப சவுண்டுக்கு பக்கத்துல எந்த படத்த வெக்கறதுங்கறதே பாதி வேலையா இருந்திருக்கும். 1969 ஜனவரி 30ஆம் தேதி பீட்டில்ஸ் மொட்டை மாடில வாசிச்சதுக்கு பத்து கேமரா வெச்சாங்க, அஞ்சு கேமரா அந்த மொட்டை மாடிலயே, மிச்சத்துல தெருவுல சிலது, எதிர் கட்டடத்துல ஒண்ணு, வரவேற்பறைல ஒளிச்சு வெச்சது ஒண்ணு. போலீஸ் உள்ள நுழையறது பதிவானது அந்த ஒளிச்சு வெச்ச கேமராலதான்.

எத்தன கேமரா போதும்?

ஜாம் ரூம்னா மூணு போதும், அஞ்சு சொகுசு. ஒண்ணு மொத்த ரூமும் தெரியற மாதிரி ட்ரைபாட்ல, யாரும் தொடக்கூடாது, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரை அது ஓடிட்டே இருக்கணும். எங்க போனாலும் திரும்பி வர்றதுக்கு அது வீடு மாதிரி. ஒண்ணு பாடறவங்க மூஞ்சிக்கு. ஒண்ணு டிரம்முக்கு, மேல இருந்து. எங்களுக்கு ட்ரைபாட் பத்தல, ஒரு போன ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருசாக்கற ஸ்பீக்கர் பெட்டி) மேல வெச்சு தொலைச்சோம், பாஸ் கிட்டார் வாசிக்க வாசிக்க அந்த படம் பூரா ஜெல்லி மாதிரி நடுங்கிடுச்சு. ஆம்ப் மேல மட்டும் வெக்காதீங்க.

ஆடியோ எங்கேர்ந்து எடுக்கறது?

ஜாம் ரூம் மிக்சர்ல லைன் அவுட்னு சவுண்ட வெளிய எடுக்கற ஒரு சொருகுற எடம் இருக்கும், அதுலேர்ந்து ஒரு ரெக்கார்டருக்கு வயர் போடுங்க. ஆனா அத மட்டும் நம்பாதீங்க. சின்ன ரூம்ல பாடறவங்க குரலும் கீபோர்டும்தான் மிக்சர் வழியா போகும், டிரம்முக்கு மைக்கே இருக்காது, அது மைக் இல்லாம வாசிச்சாலே காது கிழியுது அதுக்கு எதுக்கு மைக்குன்னு விட்டுருப்பாங்க. அப்ப லைன் அவுட்ட மட்டும் கேட்டா குரல் பளிச்சுன்னு இருக்கும், டிரம் பக்கத்து வீட்டுல வாசிக்கற மாதிரி இருக்கும். அதனால ரூம் நடுவுல ஒரு ரெக்கார்டர் தனியா வெச்சு ரெண்டையும் கலக்கணும். லெவல கொறச்சே வைங்க. ஒத்திகை பாக்கறப்ப மெதுவா அடிக்கற டிரம்மர் ரெக்கார்டிங்னு சொன்னதும் பேய் புடிச்ச மாதிரி அடிப்பாரு, மீட்டர் சிவப்புல போய் ஒட்டிக்கும், கிழிஞ்ச சவுண்ட எந்த சாஃப்ட்வேரும் தைக்காது.

ஏசி சத்தம் வரும்னு ஆஃப் பண்ணி வெச்சோம். இருவது நிமிஷத்துல ரெண்டு போன் சூடாகி தானா நின்னு போச்சு. இப்ப சொல்றேன், ஏசி ஓடட்டும், டிரம் சத்தத்துல அது யாருக்கும் கேக்காது.

அஞ்சு வீடியோவையும் சிங்க் பண்றது, அதாவது ஒரே நேரத்துக்கு ஒத்து ஓட வெக்கறது எப்படி?

எல்லா போனும் ஆன் பண்ணதும் ரூம் நடுவுல ஒருத்தர் நின்னு கைய ஓங்கி ஒரே ஒரு தட்டு. எடிட் சாஃப்ட்வேர்ல சவுண்ட அலையா காட்டற வேவ்ஃபார்ம்ல அது ஊசி மாதிரி நிக்கும், அஞ்சு ஊசியையும் ஒரே கோட்டுல நிறுத்துனா முடிஞ்சுது. இப்ப டாவின்சி ரிசால்வ் மாதிரி சாஃப்ட்வேர் சவுண்ட கேட்டு தானாவே வரிசைப்படுத்திடும், இலவச வெர்ஷன்லயே அது இருக்கு.

ஆனா ரிகர்சல்ல இந்த தானா-வரிசைய கண்ண மூடிட்டு நம்பாதீங்க, நாங்க நம்பி ஒரு முழு ராத்திரிய தொலச்சோம். ஒரே பாட்ட நாலு தடவ வாசிச்சாங்க, அதுவும் காதுல கிளிக் ட்ராக் (வேகம் மாறாம இருக்க டிக் டிக்னு ஓடற சத்தம்) வெச்சு அச்சு அசலா ஒரே வேகத்துல. பேட்டரி மிச்சம் புடிக்கறேன்னு ஒரு தம்பி ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல போன நிறுத்தி நிறுத்தி ஆன் பண்ணிருக்கான், அவன்கிட்ட மட்டும் 14 கிளிப். அவனோட ரெண்டாவது டேக்க கொண்டு போய் நாலாவது டேக் மேல உக்கார வெச்சிருச்சு சாஃப்ட்வேர். பல்லவி கச்சிதமா பொருந்துது, உதடு பொருந்துது, எல்லாம் பிரமாதம்னு ரெண்டு பாட்டு எடிட் பண்ணி முடிச்சாச்சு. ராத்திரி ஒரு மணிக்கு பாத்தா டிரம்மரோட துண்டு ஒரு ஷாட்ல தோள்ல இருக்கு, அடுத்த ஷாட்ல ஸ்டூல் மேல கெடக்கு, அதுக்கடுத்ததுல திரும்ப தோள்ல! அந்த துண்டு மட்டும் இல்லன்னா கண்டே புடிச்சிருக்க மாட்டோம். இப்பல்லாம் ஒவ்வொரு டேக் முன்னாடியும் "டேக் மூணு"ன்னு கத்தி விரலையும் காட்டிட்டுதான் தட்டறது. நடுவுல யாரும் நிறுத்தக்கூடாது, பவர் பேங்க் சொருகி வெச்சுடுங்க.

ஆரம்பத்துல சரியா இருக்கு, பாட்டு போகப் போக உதடு தனியா சவுண்டு தனியா போகுதே?

ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, போன் வீடியோவுல ஃப்ரேம் வேகம் (செகண்டுக்கு எத்தன படம்ங்கறது) ஒரே சீரா இருக்காது, வெளிச்சம் கொறஞ்சா அதுவா 30லேர்ந்து 24, 20ன்னு எறங்கும். எடிட் பண்றதுக்கு முன்னாடி ஹேண்ட்பிரேக்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல போட்டு நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திடுங்க. அஞ்சு பேரும் ஒரே செட்டிங் வைங்க, ஒருத்தர் 25 ஒருத்தர் 60ன்னு இருந்தா அசைவு ஒவ்வொண்ணு ஒவ்வொரு மாதிரி தெரியும்.

ரெண்டாவது, ஒவ்வொரு கருவிக்குள்ளயும் இருக்கற கடிகாரம் துளி துளி வித்தியாசமா ஓடும். பத்து லட்சத்துல 50 பங்குதான் வித்தியாசம்னு வைங்க, ஒரு மணி நேரத்துல அது 0.18 செகண்ட். 25 ஃப்ரேம் வீடியோல நாலரை ஃப்ரேம், கண்ணுக்கு நல்லாவே தெரியும். தீர்வு சிம்பிள், ஒரு மணி நேர கிளிப்ப ஒரே துண்டா வெச்சுக்காதீங்க, பாட்டுக்கு பாட்டு வெட்டி டிரம்மர் குச்சிய தட்டி எண்ணுவாருல்ல, அந்த தட்டுல திரும்ப சிங்க் பண்ணுங்க.

கச்சேரில பின்வரிசைலேர்ந்து எடுத்த கிளிப் மட்டும் எப்பவும் லேட்டாவே இருக்கு, ஏன்?

சவுண்டு நடந்து வருது சார், வெளிச்சம் மாதிரி பறந்து வராது. செகண்டுக்கு ஏறக்குறைய 343 மீட்டர். ஸ்பீக்கர்லேர்ந்து 50 மீட்டர் தள்ளி நின்னா 0.15 செகண்ட் தாமதம், கிட்டத்தட்ட நாலு ஃப்ரேம். அதனால அந்த கிளிப்ப சவுண்ட வெச்சு சிங்க் பண்ணா படம் நாலு ஃப்ரேம் முன்னாடி ஓடிடும், டிரம்மர் குச்சி டிரம்ல பட்டதுக்கு அப்புறம்தான் சவுண்டு கேக்கும். சவுண்ட வெச்சு மொதல்ல சேத்துட்டு, அப்புறம் குச்சி படற ஃப்ரேம பாத்து கையாலயே தள்ளுங்க. பிராக் மாதிரி மைதானத்துல அம்பது பேரும் அம்பது தூரத்துல நிக்கறாங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் இந்த தள்ளல் வேற வேற. ஜாம் ரூம்ல நாலு மீட்டர்தான், 0.012 செகண்ட், ஒரு ஃப்ரேம்ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. மறந்துடுங்க.

வீடியோல கறுப்பு கோடு கோடா ஓடுது, போன் ரிப்பேரா?

இல்ல, லைட்டு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய ட்யூப் லைட்டும் மலிவு எல்இடியும் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும். போன்ல ப்ரோ மோடு இருந்தா ஷட்டர் வேகத்த ஒரு செகண்டுல 50ல ஒரு பங்கு இல்லன்னா 100ல ஒரு பங்குல வைங்க, கோடு போயிடும்.

என்கிட்ட ஒரே ஒரு போன்தான் இருக்கு, நானும் மல்டிகேம் பண்ணலாமா?

கச்சேரில முடியாது, ரிகர்சல்ல முடியும். கிளிக் ட்ராக் வெச்சு வாசிக்கற பேண்டா இருந்தா முதல் டேக்ல பாடகர், ரெண்டாவதுல டிரம், மூணாவதுல கிட்டார்னு எடம் மாத்தி மாத்தி எடுத்து, நல்லா வந்த ஒரு டேக்கோட சவுண்டு மேல எல்லாத்தையும் வைங்க. மேல நாங்க தெரியாம பண்ண தப்ப நீங்க தெரிஞ்சே பண்றீங்க, அவ்ளோதான். துண்டு, தண்ணி பாட்டில், சட்டை கை மடிப்பு இதெல்லாம் அசையாம பாத்துக்கோங்க.

எங்க கட் பண்ணணும்னு எப்படி முடிவு பண்றீங்க?

புதுசா பண்றவங்க எல்லாரும் ஒவ்வொரு பீட்டுக்கும் கட் அடிப்பாங்க, நானும் அடிச்சேன், ட்ரெய்லர் மாதிரி இருக்கும், ரெண்டு நிமிஷத்துல கண்ணு வலிக்கும். யார் என்ன பண்ணப் போறாங்கன்னு தெரிஞ்சு அதுக்கு ஒரு மூச்சு முன்னாடி அங்க போயிடணும். சோலோ ஆரம்பிச்சப்புறம் கிட்டார் பக்கம் திரும்புனா லேட். கிட்டாரிஸ்ட் குனிஞ்சு பெடல மிதிக்கறாருல்ல, அந்த குனியறதுலயே போயிடுங்க. நல்ல ஷாட் கெடச்சா நகராதீங்க. ரிகர்சல்ல எனக்கு ரொம்ப புடிச்சது வாசிக்காம இருக்கறவங்க மூஞ்சி. தப்பு விழுந்ததும் நாலு பேரும் ஒரே நேரத்துல ஒருத்தன பாப்பாங்க பாருங்க, அந்த ஒரு செகண்டுக்காகவே அகல ஷாட்ட ஓட விடலாம்.

அனுமதி வாங்கணுமா? எல்லாரும் போன தூக்கிட்டுதானே நிக்கறாங்க?

வாங்கணும். இந்தியாவுல 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல கலைஞர்களோட உரிமைன்னு தனியா இருக்கு, 2012 திருத்தத்துல இன்னும் தெளிவாவே சொல்லிட்டாங்க, தான் வாசிக்கறத பதிவு பண்ணலாமா கூடாதான்னு முடிவு பண்றது அவங்கதான். பேண்டுக்கு பேண்டு பழக்கமும் மாறும். கிரேட்ஃபுல் டெட்ங்கற அமெரிக்க பேண்ட் 1984லயே பதிவு பண்றவங்களுக்குன்னு அரங்குல தனி எடம் ஒதுக்குனாங்க. ராக் பாடகர் ஜாக் வைட் 2018 டூர்ல எல்லார் போனையும் பூட்டு பைக்குள்ள போட்டுட்டுதான் உள்ளயே விட்டாரு. கிங் கிரிம்சன்ங்கற இங்கிலாந்து பேண்ட் 2021 வரைக்கும் பண்ண கச்சேரிகள்ல படம் எடுக்கவே விடல, ஆனா கடைசியில பாஸ் வாசிச்ச டோனி லெவின் தன்னோட கேமராவ தூக்கி கூட்டத்த படம் எடுப்பாரு, அதுதான் சிக்னல், அப்ப ரசிகர்களும் எடுத்துக்கலாம். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்ப புடிக்கும்.

ரிகர்சல்னா இன்னும் கவனம் வேணும். கச்சேரில அவங்க நமக்கு காட்டணும்னு வந்து நிக்கறாங்க. ரிகர்சல்ல தப்பு பண்றதுக்குத்தான் கூடியிருக்காங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேளுங்க, எடிட் பண்ணி முடிச்சு காட்டி வெளிய போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ கேளுங்க. வேற யாரோ பாட்ட கவர் பண்ணிருந்தா யூடியூப்ல பாட்டு எங்களோடதுன்னு காப்பிரைட் க்ளெய்ம் வர வாய்ப்பு இருக்கு, அது தனி.

ஸ்டோரேஜ்?

1080 (ஃபுல் எச்டி) குவாலிட்டில நிமிஷத்துக்கு சுமார் 130 எம்பி. அஞ்சு போன், மூணு மணி நேரம், கிட்டத்தட்ட 117 ஜிபி. வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, கசக்கிப் புழிஞ்சு குடுக்கும், பென் டிரைவ்ல வாங்குங்க. சில ஸ்டில் கேமரா 29 நிமிஷம் 59 செகண்ட்ல தானா நின்னுடும், ஐரோப்பால வீடியோ கேமராவுக்கு வரி அதிகம்னு வெச்ச வரம்பு அது. பக்கத்துல ஒருத்தர் நின்னு திரும்ப அமுக்கணும்.

இதுல காசு வருமா?

வராது, வர வெக்கவும் பாக்காதீங்க. பிராக் வீடியோவுக்கு பேண்ட் ஆடியோ குடுத்ததே இதுல யாரும் காசு பாக்கலங்கறதாலதான்னு நான் நெனக்கறேன். 2010 ஜனவரில ஹைட்டி நிலநடுக்கத்துக்காக லாஸ் ஏஞ்சலஸ்ல ரேடியோஹெட் ஒரு கச்சேரி பண்ணாங்க, டிக்கெட் ஏலத்துல ஆக்ஸ்ஃபாம்ங்கற உதவி அமைப்புக்கு 5 லட்சம் டாலருக்கு மேல சேந்துச்சு. அதையும் ரசிகர்கள் பல கேமரால எடுத்து தொகுத்தாங்க, பாக்கறவங்க காசு குடுக்க நெனச்சா ஆக்ஸ்ஃபாமுக்கு குடுங்கன்னு சொல்லிதான் வெளிய விட்டாங்க.

சரி, உங்க ரிகர்சல் வீடியோவ எங்க பாக்கறது?

இப்போதைக்கு எங்கயும் இல்ல. அதுல ரெண்டு பாட்டு இன்னும் வெளிய வராதது, பாடற பொண்ணு ஒரு எடத்துல சுருதி வெலகிருச்சுன்னு அத தூக்க சொல்லுது, தூக்குனா அந்த நாலு பேர் பார்வை ஷாட்டும் சேந்து போயிடும், பேசிட்டு இருக்கோம். பாஸ் வாசிக்கற தம்பி வேற கோவமா இருக்கான். மொத்தம் 31 நிமிஷத்துல தான் எட்டே ஷாட்லதான் வர்றேன்னு எண்ணி வெச்சிருக்கான், அதுலயும் ரெண்டு அந்த ஆம்ப் மேல வெச்ச நடுங்கற படமாம்.